இடையில் இறங்கியவனெல்லாம் கோழையா?



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து கடைசி வரைக்கும் வாசியுங்கள். விளையாட்டைப் பற்றித் தொடங்கினாலும் கதை விளையாட்டோடு முடியாது.

பிரான்ஸ்காரரைப் பற்றி ஒரு பழைய பகிடி இருக்கிறது. "விற்பனைக்கு உண்டு: பிரெஞ்சு இராணுவத்தின் துப்பாக்கி. ஒருதரமும் சுடவில்லை, ஒரேயொரு தரம் கீழே போட்டது." ஆங்கிலத்தில் பிறந்த இந்தப் பகிடி இப்போது எங்கள் வட்ஸ்அப் குழுக்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ஜூலை மாதம் டூர் டி பிரான்ஸ் சைக்கிளோட்டம் நடக்கும்போது யாராவது ஒரு பிரெஞ்சு வீரர் பாதியில் விலகினால் போதும், வெள்ளைக் கொடிப் படம் ஒன்று வந்து விழும். சிரிக்கும் முகங்கள் பத்து அதற்குக் கீழே வரிசையாக நிற்கும்.

பிரான்ஸுக்காக நாங்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்பீர்கள். பிரான்ஸுக்காக அல்ல. அந்தப் பகிடியில் பிரான்ஸை எடுத்துவிட்டு எந்த ஊரின் பெயரைப் போட்டாலும் அது அப்படியே பொருந்தும். எங்கள் பாடசாலை மைதானங்களில் அது தினமும் நடக்கிறது. "அந்த ஊரான் பாதியில விட்டுட்டு வருவான்", "அவனுகளுக்கு நெஞ்சுரம் இல்ல", "படுவான்கரைப் பொடியனுக்கு இதெல்லாம் சரிவராது." பிள்ளைகள் இதைத் தாங்களாகவே கண்டுபிடிக்கவில்லை. பெரியவர்கள் சொல்லித்தான் படித்தார்கள்.

முதலில் சைக்கிளோட்டத்தையே எடுத்துக்கொள்வோம்.

டூர் டி பிரான்ஸ் 1903 இல் தொடங்கியது. அந்த முதல் ஓட்டத்தில் புறப்பட்டவர்கள் 60 பேர், முடித்தவர்கள் 21 பேர். முதலாம் உலக யுத்தம் முடிந்த கையோடு 1919 இல் நடந்த ஓட்டத்தின் தூரம் 5,560 கிலோமீற்றர். யுத்தத்தில் உடைந்த வீதிகள், கிடைக்காத ரயர்கள், கிடைக்காத உணவு. 67 பேர் புறப்பட்டார்கள். இறுதிப் பட்டியலில் மிஞ்சியது 10 பெயர். மற்ற 57 பேரும் கோழைகளா?

விலகுவோரை ஏற்றிக்கொள்ள ஓட்டத்தின் வாலில் ஒரு வாகனம் வரும். அதன் பின்பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு தும்புத்தடி கட்டியிருப்பார்கள். வீதியைக் கூட்டிக்கொண்டு வருகிறதாம். 1910 இல், பிரனீஸ் மலையின் உயரமான கணவாய்களுக்குள் முதன்முதலாக ஓட்டத்தைக் கொண்டுபோனபோது இந்த வாகனத்தையும் சேர்த்தார்கள். மனிதர்கள் விலகுவார்கள், அவர்களை வீதியோரத்தில் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பது நூறு வருடத்துக்கு முன்பே அந்த ஓட்டத்தின் ஏற்பாடுகளில் ஒன்றாகிவிட்டது. விலகுவதற்குக் காரணங்களும் ஆயிரம். விழுந்து தோள் எலும்பு முறிந்திருக்கும். வயிற்றோட்டமாக இருக்கும். தலைவனுக்காக நாள் முழுக்க முன்னால் காற்றை வெட்டிக் கொடுத்த ஒருவன் தன் வேலை முடிந்ததும் இறங்கியிருப்பான். பெறுபேற்றுத் தாளில் இந்த மூவருக்கும் ஒரே சொல்தான்: 'முடிக்கவில்லை'. அந்தச் சொல் காரணத்தைச் சொல்லாது.

அந்த 1910 ஆம் ஆண்டு ஓட்டத்தை வென்றவர் பிரான்ஸைச் சேர்ந்த ஒக்டாவ் லாப்பீஸ். கல் பதித்த கரடுமுரடான வீதிகளில் நடக்கும் பரிஸ் - ரூபே ஓட்டத்தை 1909, 1910, 1911 என்று மூன்று வருடம் தொடர்ந்து வென்றவரும் அவர்தான். ஆனால் டூர் டி பிரான்ஸில் அவருடைய கணக்கைப் பாருங்கள். ஆறு தடவை பங்குபற்றினார். முடித்தது ஒரேயொரு தடவை. அந்த ஒரு தடவை சம்பியன். மற்ற ஐந்து தடவையும் இடையில் விலகினார்.

எங்கள் ஊர் மைதானத்தில் ஒருவர் ஆறில் ஐந்து தடவை விலகியிருந்தால் என்ன பட்டம் வைத்திருப்போம் என்று உங்களுக்கே தெரியும்.

1914 ஆம் ஆண்டு ஓட்டம் ஜூன் 28 இல் தொடங்கியது. அதே நாளில்தான் சரயேவோ நகரில் ஒஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஓட்டம் முடிந்து ஒரு வாரத்தில் ஐரோப்பா யுத்தத்துக்குள் போய்விட்டது. லாப்பீஸ் போர் விமானியானார். 1917 ஜூலை 14 அன்று, பிரான்ஸின் தேசிய தினத்தில், வானில் நடந்த சண்டையில் சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார். வயது 29. அவருக்கு முதல் வருடம், 1909 இல், சம்பியனாக இருந்த ஃபிரான்ஸ்வா ஃபாபர் பிரெஞ்சு வெளிநாட்டுப் படையணியில் சேர்ந்து 1915 மே மாதம் களத்தில் இறந்தார். 1907, 1908 ஆகிய இரண்டு வருடங்களும் வென்ற லூசியன் பெத்தி பிரெத்தோன், படைச் சேவையில் இருந்தபோது 1917 டிசம்பரில் வாகன விபத்தில் இறந்தார். 1907 தொடக்கம் 1910 வரை நடந்த நான்கு ஓட்டங்களின் சம்பியன்களும் அந்த யுத்தத்தோடு போய்விட்டார்கள்.

ஐந்து தடவை சைக்கிளில் இருந்து இறங்கிய மனிதன் விமானத்தில் ஏறிச் செத்தான். அப்படியென்றால் இறங்கியதை வைத்து அவனுடைய வீரத்தை எப்படி அளந்தோம்?

இனி நாட்டைப் பார்ப்போம். முதலாம் உலக யுத்தம் தொடங்கும்போது பிரான்ஸின் சனத்தொகை சுமார் 4 கோடி. அதில் ஏறத்தாழ 13 இலட்சம் படைவீரர்கள் இறந்தார்கள். வெர்டன் என்ற ஒரேயொரு களத்தில் 1916 பெப்ரவரி தொடக்கம் டிசம்பர் வரை பத்து மாதம் விடாமல் நின்றார்கள். இந்தக் கணக்குக்குள் அல்ஜீரியா, மொரோக்கோ, துனீசியா, செனகல் ஆகிய நாடுகளில் இருந்து கொண்டுபோகப்பட்ட முஸ்லிம் வீரர்களும் இருக்கிறார்கள். பரிஸ் நகரின் பெரிய பள்ளிவாசல் 1926 இல் திறக்கப்பட்டது அவர்களுடைய நினைவுக்கு நன்றியாகத்தான். 'பிரான்ஸ்காரன் சுடத் தெரியாதவன்' என்ற பகிடிக்குச் சிரிக்கும்போது எங்கள் தீன் சகோதரர்களின் கபுறுகளுக்கு முன்னால் நின்றும்தான் சிரிக்கிறோம்.

பகிடி வந்தது 1940 இல் இருந்து. அந்த வருடம் மே 10 இல் ஜேர்மனி மேற்கில் தாக்கியது. ஆறு வாரத்தில் பிரான்ஸ் தோற்றது. அது உண்மை. அந்த ஆறு வாரத்தில் 50,000 க்கும் அதிகமான பிரெஞ்சு வீரர்கள் இறந்தார்கள் என்பதும் உண்மை. லீல் நகரில் சுற்றிவளைக்கப்பட்ட பிரெஞ்சுப் படைகள் பல நாட்கள் தாக்குப்பிடித்து நின்றதனால், டன்கேர்க் கடற்கரையில் இருந்து பிரித்தானியப் படைகள் கப்பலேறுவதற்கு அவகாசம் கிடைத்தது. கடைசியில் லீலில் சரணடைந்தவர்களை ஆயுதத்தோடு அணிவகுத்துப் போகவிட்டு ஜேர்மன் படையே இராணுவ மரியாதை செலுத்தியது. எதிரி கொடுத்த மரியாதையைப் பகிடி சொல்பவன் கொடுக்க மாட்டான் என்கிறான்.

தோல்விக்குக் காரணம் வீரர்களின் இரத்தத்தில் இருக்கவில்லை. தளபதிகள் எதிரி வரமாட்டான் என்று நினைத்த ஆர்டென் காட்டு வழியாக அவன் வந்தான். தங்களின் மிகச் சிறந்த படைகளை அவர்கள் வேறு திசைக்கு அனுப்பியிருந்தார்கள். கடைசியில் ஜூன் 17 இல் மார்ஷல் பெத்தேன் வானொலியில் சண்டையை நிறுத்தச் சொன்னார். பதினெட்டு இலட்சம் பேரளவில் கைதிகளானார்கள். அந்தப் பதினெட்டு இலட்சம் பேரிடமும் யாரும் விருப்பம் கேட்கவில்லை. பிரித்தானியாவும் அதே களத்தில் தோற்றுத்தான் பின்வாங்கியது. ஆனால் அவர்களுக்குப் பின்னால் கடல் இருந்தது. ஒடுங்கிய இடத்தில் 33 கிலோமீற்றர் அகலமான கடல். அந்தக் கடலைத் தாண்டினால் வீடு. பிரெஞ்சுக்காரனுக்கு வீடே களம். இடையில் தண்ணீர் இருப்பதும் இல்லாததும் உயிருக்கு என்ன செய்யும் என்று வாவிக்கரையில் வாழும் எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தப் பகிடி மிக வேகமாகப் பரவிய காலம் 2003. ஈராக் மீது படையெடுக்கக் கூடாது என்று பிரான்ஸ் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் எதிர்த்து நின்ற வருடம் அது. அந்தக் கோபத்தில் அமெரிக்கக் காங்கிரஸின் சிற்றுண்டிச்சாலையில் 'பிரெஞ்ச் ஃபிரைஸ்' என்ற உருளைக்கிழங்குப் பொரியலுக்குக்கூட 'சுதந்திர ஃபிரைஸ்' என்று பெயர் மாற்றினார்கள். அநியாயமான ஒரு யுத்தத்துக்கு வரமாட்டேன் என்றவனைக் கோழை என்றார்கள். அதே பகிடியை இன்று நாங்கள், ஈராக்கிய மக்களுக்காகக் கையேந்தி துஆ கேட்ட நாங்கள், தமிழில் பகிர்கிறோம்.

ஒரு சமூகத்துக்கு 'வீரம் உள்ளது', 'வீரம் இல்லாதது' என்று பெயர் வைப்பவர்களுக்கு எப்போதும் ஒரு தேவை இருக்கும். தமிழ் பேசும் மக்களுக்கே இது நடந்திருக்கிறது. பிரித்தானியருக்கு இந்தியாவைப் பிடித்துக் கொடுத்த படைகளில் முக்கியமானது மதராஸ் இராணுவம். மைசூர் யுத்தங்களில் நின்றது அது. 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் வெள்ளையனுக்கு எதிராகவே எழுந்ததும் அந்தச் சிப்பாய்கள்தான், ஹிந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து. ஆனால் 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, தங்களுக்கு உதவிய வடமேற்குப் பகுதி ஆட்களையும் கூர்க்காக்களையும் 'போர்க்குணம் கொண்ட இனங்கள்' என்றார்கள். 1881 தொடக்கம் 1885 வரை மதராஸ் இராணுவத்துக்குத் தலைமை வகித்து, பிறகு முழு இந்தியாவுக்கும் தளபதியான ரொபர்ட்ஸ், தெற்கத்தியருக்குச் சண்டைக் குணம் போய்விட்டது என்று எழுதியே வைத்தார். மதராஸ் பட்டாளங்கள் குறைக்கப்பட்டன. இரண்டாம் உலக யுத்தத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது அதே தெற்கத்தியரை மறுபடியும் சேர்த்தார்கள். அவர்களின் இரத்தம் அப்போது மட்டும் மாறியதா?

மட்டக்களப்பார் எங்களுக்கு முத்திரை குத்தப்படுவதன் ருசி நன்றாகத் தெரியும். "மட்டக்களப்புக்குப் போனால் பாயோட ஒட்டவைச்சிருவாங்க" என்ற கதையைக் கேட்காமல் வெளியூரில் படித்தவர், வேலை செய்தவர் எங்களில் யார் இருக்கிறார்? சிரித்துச் சமாளித்திருப்போம். ஆனால் வீட்டுக்கு வந்து அதை நினைத்துச் சிரித்தவர்கள் குறைவு.

இனி எங்கள் மண்ணுக்கு வருவோம். 'சரண்டர்' என்ற சொல்லை வைத்துப் பகிடி விடும் பிள்ளைகளுக்கு இந்த மாவட்டத்தில் அந்தச் சொல்லின் எடை என்ன என்று தெரியாது. சொல்லிக்கொடுக்க வேண்டியது நாங்கள்.

1990 ஜூன் 11. கிழக்கு மாகாணத்தின் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் சுற்றிவளைத்தார்கள். எதிர்த்து நிற்கத் தயாராக இருந்தவர்களும் உள்ளே இருந்தார்கள். ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுச் சரணடையுங்கள் என்று மேலிடத்தில் இருந்து உத்தரவு வந்தது. சரணடைந்தார்கள். சிங்கள, முஸ்லிம் பொலிஸார் 600 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அவர்களில் எங்கள் ஊர்களின் வாப்பாமாரும் காக்காமாரும் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இன்று எங்களோடு ஒரே சஃப்பில் நின்று தொழுகிறார்கள். அவர்களைப் பார்த்து "உன்ட வாப்பா ஏன் சுடல்ல?" என்று யாராவது கேட்பானா? கேட்டால் ஊர் பொறுக்குமா?

அதே வருடம் செப்டம்பர் 5. வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அடைக்கலம் தேடியிருந்த தமிழ் உறவுகளில் 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. அவர்கள் திரும்பி வரவில்லை. அவர்களின் தாய்மாரைப் பார்த்து "ஏன் உங்கட மகன் எதிர்க்காமல் போனான்?" என்று கேட்க எந்த வாய்க்கு வரும்? அடுத்த மாதம் வடக்கில் இருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். துப்பாக்கிக்கு முன்னால், கையில் குழந்தையோடு நின்றவர்களை 'ஓடிவந்தவர்கள்' என்று சொன்ன வாய்களும் உண்டு. அந்த வார்த்தை அவர்களை எவ்வளவு சுட்டிருக்கும் என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

எங்கள் வலி என்று வரும்போது எங்களுக்குக் காரணம் தெரிகிறது. உத்தரவு, சூழ்நிலை, வழியின்மை எல்லாம் தெரிகிறது. அடுத்தவன் என்று வரும்போது மட்டும் 'அவனுகளின் குணம்' என்கிறோம். இதுதான் அநீதி தொடங்கும் இடம்.

இதற்கு எங்கள் மார்க்கத்திலேயே தெளிவான முன்மாதிரி இருக்கிறது. ஹிஜ்ரி 8 இல் மூஃதா களத்துக்கு மூவாயிரம் பேர் போனார்கள். எதிரில் அவர்களைவிடப் பன்மடங்கு பெரிய ரோமப் படை. ஸைத், ஜஃபர், அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரழி) ஆகிய மூன்று தளபதிகளும் ஒருவர்பின் ஒருவராக ஷஹீதானார்கள். அதன்பின் கொடியை ஏந்திய காலித் பின் வலீத் (ரழி) மிச்சப் படையைப் பத்திரமாகப் பின்வாங்கச் செய்து மதீனா கொண்டுவந்து சேர்த்தார்கள். ஊருக்குள் வந்தவர்கள் மீது சிலர் மண்ணை வாரி எறிந்து, ஓடிவந்தவர்களே என்று ஏசினார்கள். நபி (ஸல்) அவர்கள் அந்தப் பட்டத்தை மறுத்தார்கள். இவர்கள் ஓடிவந்தவர்கள் அல்லர், மீண்டும் களம் செல்பவர்கள் என்ற கருத்தில் சொன்னார்கள் என்று சீறா நூல்கள் சொல்கின்றன. மண் எறிந்தவர்களின் பக்கமா, அந்தப் பட்டத்தை மறுத்தவரின் பக்கமா நாங்கள் நிற்கப்போகிறோம்?

"அப்படியென்றால் பிள்ளைகளுக்கு விடாமுயற்சி வேண்டாமா, கஷ்டம் வந்தால் விட்டுவிடு என்று படிப்பிக்கவா சொல்கிறீர்கள்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. விடாமுயற்சி வேண்டும். சோம்பலில் விடுவதும் இருக்கிறது, அதைக் கண்டிக்கவும் வேண்டும். ஆனால் எதற்காக விட்டான் என்று கேட்ட பிறகுதான் கண்டிக்க வேண்டும். கேட்காமல் பட்டம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சைக்கிளோட்டத்திலேயே உதாரணம் உண்டு. 1967 ஜூலை 13 அன்று, கடும் வெயிலில் மொன்ட் வென்டூ மலையில் ஏறிக்கொண்டிருந்த பிரித்தானிய வீரர் டொம் சிம்சன் தள்ளாடி விழுந்தார். மறுபடியும் சைக்கிளில் ஏற்றிவிட்டார்கள். கொஞ்சத் தூரத்தில் மறுபடியும் விழுந்தார். எழும்பவில்லை. உடம்பின் எச்சரிக்கையை மறைக்கும் ஊக்க மருந்தும் மதுவும் அவர் உடலில் இருந்தது பிறகு தெரியவந்தது. வயது 29. லாப்பீஸ் இறந்த அதே வயது. சிம்சன் அன்று இறங்கியிருந்தால், பெறுபேற்றுத் தாளில் 'முடிக்கவில்லை' என்று ஒரு சொல் இருந்திருக்கும். அவ்வளவுதான்.

எங்கள் பகுதியிலும் புத்தாண்டு, சுதந்திர தினம் என்று சைக்கிளோட்டங்கள் நடக்கின்றன. பாடசாலைகளில் மரதன் ஓட்டம் நடக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தார் வீதியில் நின்றாலே தலை சுற்றும். காலையில் ஒரு பிளேன்டீயோடு வந்த பிள்ளை, பக்கத்து ஊரான் சிரிப்பான் என்ற ஒரேயொரு பயத்தில் ஓடிக்கொண்டே இருப்பான். அவன் ஓடுவது துணிச்சலில் அல்ல, பகிடிக்குப் பயந்து. ஒருவனைக் கோழை என்று சொல்லிச் சொல்லி நாங்கள் உண்டாக்குவது அந்தப் பயத்தைத்தான்.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குப் படிப்பித்த மிக எளிமையான பாடம் இது: பிள்ளையின் செயலைத் திருத்து, பிள்ளைக்குப் பெயர் வைக்காதே. அதை ஊருக்கும் பொருத்தலாம் என்பதுதான் எங்கள் கோரிக்கை. செய்யக்கூடியவை நான்கு இருக்கின்றன.

ஒன்று. போட்டிகளில் ஒலிபெருக்கி பிடிக்கும் சகோதரர்கள், இடையில் விலகும் பிள்ளையின் ஊரையோ பாடசாலையையோ சொல்லி நக்கலடிப்பதை நிறுத்துங்கள். கூட்டம் சிரிக்கும்தான். அந்தப் பிள்ளை அடுத்த வருடம் வரமாட்டான்.

இரண்டு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பின்னால் தண்ணீரோடும் முதலுதவிப் பெட்டியோடும் ஒரு வாகனம் போகட்டும். கழகங்கள் ஒரு ஓட்டோவையாவது ஒதுக்கலாம். ஏறுபவனை இறக்கிவிட்டுக் கேள்வி கேட்காமல், முதலில் தண்ணீர் கொடுங்கள்.

மூன்று. புறப்பட்ட எல்லோருடைய பெயரையும் வாசியுங்கள். வெற்றிக் கிண்ணம் மூவருக்குத்தான். பெயராவது எல்லோருக்கும் இருக்கட்டும்.

நான்கு, எங்கள் ஆசிரிய நண்பர்களுக்கு. வரலாற்றுப் பாடத்தில் உலக யுத்தங்களைப் படிப்பிக்கும்போது யார் வென்றார், யார் தோற்றார் என்பதோடு நிறுத்தாமல், சரணடையச் சொன்னவர் யார், சொல்லப்பட்டவர் யார் என்ற கேள்வியையும் பலகையில் எழுதுங்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் உம்மம்மாவிடமும் மூத்தப்பாவிடமும் கேட்பார்கள். 1990 ஐப் பற்றிப் பகிடியில்லாமல் பேச அந்தக் கேள்வி ஒரு வாசலைத் திறக்கும்.

அடுத்த தடவை அந்தத் துப்பாக்கிப் பகிடி உங்கள் குழுவுக்கு வந்தால் சண்டை பிடிக்க வேண்டாம். லாப்பீஸின் கதையை மட்டும் கீழே போட்டுவிடுங்கள். ஆறு தடவை புறப்பட்டார், ஐந்து தடவை இறங்கினார், ஒரு தடவை வென்றார், நாட்டுக்காகப் போய்த் திரும்பி வரவில்லை. இவர் எந்த ரகம் என்று அவர்களே சொல்லட்டும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே தாராளமாக எழுதுங்கள். ஊர்ப் பெயர் சொல்லி ஏசாமல் எழுதுங்கள். அதுவே இந்தப் பதிவுக்குக் கிடைத்த பாதி வெற்றி.

வஸ்ஸலாம்.